பழைய கடிதமும் புள்ளிக்கோட்டு உறவும்

பழைய கடிதக் கட்டு ஒன்று கிடைத்ததும் அதிலுள்ள பெயர்களைப் பொறுக்கி வம்சாவளிப் படத்தில் ஒட்டிவிடக் கை பரபரக்கும். பல படங்கள் கோணலாவது அங்கேதான். கடிதத்திலிருந்து கிடைப்பவர்கள் முன்னோராக இருக்கக்கூடியவர்கள், அவ்வளவே.

கட்டைக் கலைக்கும் முன் இருந்த வரிசையிலேயே பென்சிலால் லேசாக எண்ணிடுங்கள். உறை, பின்பக்கம், ஓரக் கிறுக்கல் எல்லாவற்றையும் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். கிழிசலில் செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பசை பழுத்துக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். படியெடுக்கும்போது பிழைகளைத் திருத்தாதீர்கள். தப்பாக எழுதிய ஊர்ப்பெயர் பதிவேட்டிலும் அப்படியே இருக்கலாம்.

தேதி ஏமாற்றும். உறையும் கடிதமும் மாறிப்போயிருக்கலாம். 5/6/1911 என்பது மே மாதமா ஜூனா என்பது எழுதியவரின் நாட்டைப் பொறுத்தது. 1752-க்கு முந்தைய இங்கிலாந்துக் கடிதம் என்றால், அங்கே அப்போது சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே பிப்ரவரித் தேதியில் முந்தைய ஆண்டே எழுதப்பட்டிருக்கலாம்.

அதைவிட ஏமாற்றுவது உறவுச்சொல். ‘மாமா’ தாயின் தம்பியாகவும் இருக்கலாம், மாமனாராகவும் இருக்கலாம். ‘அண்ணன்’ பெரியப்பா மகனாக இருக்கலாம். பழைய ஆங்கிலத்தில் ‘மதர்-இன்-லா’ மாற்றாந்தாயையும் குறித்தது. ஆகவே ஒரு சொல்லுக்குப் பொருந்தும் எல்லா உறவுகளையும் எழுதிவைத்து, மற்றக் கடிதங்களைக் கொண்டு பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள். சொல்பவர் யார் என்பதும் முக்கியம்: அப்பாவின் சாவை அருகிலிருந்து பார்த்த மகள் எழுதும் தேதிக்கு வலு அதிகம், அதே மகள் சொல்லும் தாத்தாவின் பிறந்த ஊர் கேள்விப்பட்டதுதான்.

1912 மார்ச் கடிதமொன்றில் “பெரியவர் போய் ஆறு மாதம், வயது எழுபது” என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இறப்புப் பதிவை 1911 ஜூன் முதல் டிசம்பர் வரை தேட வேண்டும். பிறப்பு 1841-ஐ ஒட்டி. ஆனால் எழுபது, எண்பது என்ற முழு எண் வயதுகள் பெரும்பாலும் குத்துமதிப்பு என்பதால் முன்பின் ஐந்தாண்டு சேர்த்துத் தேடுங்கள். பிறப்புப் பதிவேட்டில் அதே பெயரில் மூவர் வருகிறார்களா? ஒருவர் குழந்தையிலேயே இறந்தவர், இன்னொருவர் 1915 பத்திரத்தில் கையெழுத்திட்டவர் என்றால் மிஞ்சுவது ஒருவர்.

மிஞ்சியதாலேயே அவர் நம்மவர் ஆகிவிட மாட்டார். நாம் தேடும் ஆளின் பிறப்பு பதிவாகாமலே போயிருக்கலாம். கடிதத்தில் நலம் விசாரிக்கப்படும் அண்டை வீட்டாரும் நண்பர்களும் மிஞ்சியவருடைய உயிலிலோ திருமணப் பதிவிலோ சாட்சிகளாக வருகிறார்களா என்று பாருங்கள். வந்தால் வம்சாவளிப் படத்தில் முழுக்கோடு போடலாம். பெயர் மட்டும் பொருந்தினால் புள்ளிக்கோடு, பக்கத்தில் கடித எண்.