ஸ்டீராய்டைக் குறைத்தாலே தட்டணு இறங்குகிறதா? கார்-டி பற்றிக் கேட்பவர்களுக்கு

தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை 6,000. முழங்காலுக்குக் கீழே ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள், உதட்டின் உட்புறம் ரத்தக் கொப்புளம். ஸ்டீராய்டு கொடுத்தால் ஏறும், டோஸைக் குறைத்தால் மறுபடி இறங்கும். உடலே தன் தட்டணுக்களை அழிக்கும் ஐடிபி நோயாளிகளில் சிலர் ஆண்டுக்கணக்கில் இப்படி அல்லாடுகிறார்கள். சிவப்பணுக்களை உடலே அழிக்கும் ஆட்டோஇம்யூன் ஹீமோலிட்டிக் அனீமியாவிலும், இரண்டும் சேர்ந்துவரும் ஈவன்ஸ் சிண்ட்ரோமிலும் இந்த அவதி உண்டு. ரிட்டுக்ஸிமாப் போட்டு, மண்ணீரலையும் எடுத்த பிறகு நோய் திரும்பியவர்கள், "டாக்டர், எனக்கு கார்-டி பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ரிட்டுக்ஸிமாப் மருந்து, ரத்தத்தில் ஓடும் பி செல்களை, அதாவது ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்களாக மாறும் வெள்ளையணுக்களை, நன்றாகவே அழிக்கும். நிணநீர்க் கணுக்களுக்குள் இருப்பவை தப்பிவிடும். ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும் பிளாஸ்மா செல்களை அது தொடுவதே இல்லை. கார்-டி முறையில் நோயாளியின் டி செல்களையே (மற்ற செல்களைக் கொல்லக்கூடிய வெள்ளையணுக்கள்) பிரித்தெடுத்து, சிடி19 என்ற அடையாளம் கொண்ட பி செல்களைத் தேடிக் கொல்லும்படி ஆய்வகத்தில் மாற்றி, திரும்ப ஏற்றுகிறோம். உயிருள்ள செல்கள் என்பதால் உடலுக்குள் பெருகி, திசுக்களுக்குள்ளும் நுழைகின்றன.

ஜெர்மனியின் எர்லாங்கனில் கடுமையான லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே தன் உறுப்புகளைத் தாக்கும் நோய்) இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இது பலித்ததாக 2021இல் செய்தி வந்தது. 2024இல் அதே குழு 15 பேரின் முடிவுகளை வெளியிட்டது. அனைவரும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்தது. சில மாதங்களில் பி செல்கள் திரும்பின, ஆனால் லூபஸ் திரும்பவில்லை. இத்தனை வருடமாக இந்த நோய்களைப் பார்த்துவரும் எனக்கு அது பெரிய வியப்பு. ஆனால் அந்த 15 பேரும் லூபஸ், மயோசைட்டிஸ் (தசை அழற்சி), ஸ்க்லெரோடெர்மா (தோல் இறுகும் நோய்) நோயாளிகள். ஐடிபி போன்ற இந்த ரத்த நோய்களில் பலன் கிடைத்ததாக வந்திருப்பவை மிகச் சிலரின் விவரங்களே. ஆய்வுகள் இன்னும் நடக்கின்றன.

முதலில் நோய் அதுதானா என்று மறுபடி பாருங்கள். எந்த மருந்துக்கும் அசையாத 'ஐடிபி' சில நேரம் பரம்பரைத் தட்டணுக் குறைபாடாகவோ, மஜ்ஜை நோயாகவோ இருக்கும். அதற்கு கார்-டி துளியும் உதவாது. சின்ன வயதில் எடுத்த பழைய ரத்த ரிப்போர்ட் வீட்டில் கிடந்தால் எடுத்து வாருங்கள், பெற்றோர், உடன்பிறந்தவர்களின் தட்டணு எண்ணிக்கையையும் கேட்டு வையுங்கள். தட்டணு உற்பத்தியைத் தூண்டும் எல்ட்ரோம்போபாக், ரோமிப்ளோஸ்டிம் போன்றவற்றை முழு டோஸில் பார்த்தாயிற்றா? எண்ணிக்கை 30,000இல் நின்று, ரத்தக்கசிவும் இல்லையென்றால், இவ்வளவு பெரிய அபாயத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அபாயம் என்று சும்மா சொல்லவில்லை. செல்களை ஏற்றுமுன் சில நாள் கீமோ உண்டு. பிறகு கடும் காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, சிலருக்குக் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம் வரலாம். மாதக்கணக்கில் தொற்று பயம் இருக்கும். பிற்பாடு டி செல் புற்றுநோய் வரக்கூடும் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024இல் சேர்க்கச் சொன்னது, புற்றுநோய்க்காக இதைப் பெற்றவர்களிடம் கண்டதை வைத்து. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் கீமோவுக்கு முன்பே கருமுட்டை, விந்து சேமிப்பு பற்றிப் பேசிவிடுங்கள்.

இன்றைக்கு ஐடிபிக்கு இது பதிவுசெய்த மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே கிடைக்க வேண்டியது. "ஸ்டெம் செல் பேக்கேஜ்" என்று பணம் கட்டச் சொல்லும் இடம் வேறு வியாபாரம், அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். ஆய்வில் சேர்வதாக இருந்தால் எதிக்ஸ் கமிட்டி அனுமதியையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, அங்கே ஐசியு இருக்கிறதா, அந்தக் கடும் காய்ச்சலையும் அழுத்தச் சரிவையும் அடக்கும் டாசிலிசுமாப் மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.