தெளிந்த நீரை நம்ப வேண்டாம்

மீன்களுக்கு மருத்துவம் பார்க்கும் என்னிடம் வருவோரில் பெரும்பாலோர் கேட்பது மருந்து; நான் முதலில் கேட்பதோ தொட்டி நீர். “தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே” என்பார்கள். மீனுக்கு நஞ்சான அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை என்பதால், அந்தத் தெளிவை நான் கணக்கில் கொள்வதில்லை.

மீன் தன் செவுள்களின் வழியே அமோனியாவை ஓயாமல் வெளியேற்றுகிறது. மிஞ்சி அழுகும் தீவனம் அதைக் கூட்டுகிறது. பில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நச்சு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை விட்டுவிட்டவர்கள் நாள்தோறும் சோதிப்பதே நல்லது.

அமோனியா அளவை, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும். வீட்டுச் சோதனைக் கிட்களில் பெரும்பாலானவை மொத்த அமோனியாவையே காட்டுகின்றன. அதில் மீனைக் கொல்லும் வடிவம், 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் ஏறத்தாழ 0.6 சதவீதமாகவும், பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேலாகவும் இருக்கும்.

நான் அடிக்கடி காணும் இழப்பு இதை மறப்பதால் நேர்வது. பல மாதங்கள் நீர் மாற்றாத தொட்டியில், அமிலமாவதைத் தடுக்கும் கார்பனேட்டை அந்தப் பாக்டீரியாக்களின் வேலையே சிறிது சிறிதாகத் தீர்த்துவிடுகிறது. பிஎச் 6-க்குக் கீழே இறங்கியதும் அவை மந்தமாகி அமோனியா சேர்கிறது. ஆயினும் அமில நீரில் அது கொல்லாத வடிவத்திலேயே கிடக்கிறது. விடுமுறை நாளில் ஒருவர் உற்சாகமாக முக்கால் தொட்டி நீரை மாற்றுகிறார். பிஎச் சட்டென ஏற, எஞ்சிய அமோனியா நஞ்சாகிவிடுகிறது. சுத்தம் செய்ததாலா மீன்கள் செத்தன என்று அவர் திகைக்கிறார். இத்தகைய தொட்டியில் முதலில் அமோனியா, பிஎச், கார்பனேட் கடினத்தன்மை மூன்றையும் சோதித்துவிட்டு, ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் மாற்ற வேண்டும்.

சோதனைப் பட்டைகள் அவசரத்துக்கு உதவும். ஆனால் பலவற்றில் அமோனியாவுக்குக் கட்டமே இல்லை. சொட்டுத் திரவக் கிட்டில் நைட்ரேட் சோதனையின் இரண்டாம் புட்டியைப் பலமாகக் குலுக்காவிட்டால் அளவு குறைத்தே காட்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

என்னிடம் மாதிரி கொண்டுவருவோருக்கு ஒரு வேண்டுகோள். மீன் துவண்டதும் பதற்றத்தில் நீரை மாற்றிவிட்டுப் புது நீரையே எடுத்துவருகிறார்கள். மாற்றுவதற்கு முன்பே ஒரு சுத்தமான பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடி, அன்றே கொண்டுவாருங்கள்.