பைஜாமா போட்ட பிரபு

ஓவியம் பார்க்கப் பழக்கும் வகுப்பில் நான் வழக்கமாகக் காட்டும் படம் ஒன்று உண்டு. லண்டன் நேஷனல் கேலரியில் இருப்பது. இங்கிலாந்தின் டென்பி பிரபு வில்லியம் ஃபீல்டிங்கை ஓவியர் வான் டைக் 1633-34 வாக்கில் வரைந்த முழு உருவப்படம். திரையில் வந்ததுமே சிரிப்பு கிளம்பும்: "சார், இவர் பைஜாமால்ல போட்டிருக்கார்!"

பைஜாமாதான். இளஞ்சிவப்புப் பட்டு. 1631-ல் புறப்பட்டு பாரசீகம், இந்தியா என்று சுற்றிவிட்டு 1633-ல் ஊர் திரும்பியவர் இவர். அப்போது இங்கே ஷாஜகான் ஆட்சி. போய் வந்ததை ஊருக்குக் காட்டிக்கொள்ள உடுத்திய உடை இது. கழுத்தருகே எட்டிப் பார்க்கும் வெள்ளைச் சட்டை மட்டும் சீமைச் சரக்கு.

அப்புறம் வரும் கேள்வி: "ஓவியரும் கூடவே வந்தாரா?" இல்லை. வான் டைக் இந்தியப் பக்கமே வந்ததில்லை. பின்னால் நிற்கும் மரம் தென்னையா பனையா என்று வகுப்பில் ஒரு சண்டையே நடக்கும். லண்டனில் இருந்துகொண்டு வரைந்த மரத்துக்கு அவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. பழைய உருவப்படத்தைக் கேமரா எடுத்த படம்போல நம்பிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அதில் எல்லாமே யோசித்து அடுக்கியவை.

எனக்குப் பிடித்த இடம் அவருடைய கை. ஒரு கையில் துப்பாக்கி. இன்னொரு கை திடுக்கிட்டதுபோல விரிந்திருக்கிறது. கிட்டத்தட்ட எட்டடி உயரத் துணியில் தன்னை வரையச் சொல்பவர்கள் பொதுவாக இடுப்பில் கை வைத்து நம்மை மேலிருந்து பார்ப்பார்கள். இவர் பார்வை நம்மிடம் இல்லவே இல்லை. ஓடுகிற கணத்தைப் பிடித்து நிறுத்தும் இந்த வித்தை, பரோக் என்னும் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப் பாணிக்கே உரியது. எத்தனையோ ராஜ உடைப் படங்களைவிட எனக்கு இது உயிரோட்டமாகத் தெரிகிறது.

சரி, எதைக் கண்டு திடுக்கிட்டார்? மரத்தில் ஒரு கிளி. அதைச் சுட்டிக்காட்டுவது தலைப்பாகை கட்டிய ஓர் இந்தியப் பையன். செல்போனில் பகிரப்படும் பிரதிகளில் பெரும்பாலும் பிரபுவை மட்டும் வெட்டி எடுத்துப் போடுகிறார்கள். கிளியும் பையனும் போய்விட்டால் அந்தக் கை ஏன் விரிந்தது என்றே புரியாது. எந்த முழு உருவப்படமானாலும் நான்கு ஓரங்களும் தெரியும் பிரதியைத் தேடிப் பிடித்து, முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

போன தடவை ஒரு மாணவி, "பையன் பேர் என்ன சார்?" என்றாள். படத்தின் தலைப்பில் பிரபுவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.