இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை: தானாக வருவது எது, கேட்டு வாங்க வேண்டியது எது

லண்டனில் குழந்தை பிறந்த செய்தி ஊருக்குப் போனதும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "அப்போ பேரனுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தானே?" வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருக்கும் வீடுகளில் இதற்குச் சரியான பதில் "இப்போதைக்கு இல்லை" என்பதே.

ஒரு காலத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். 1982 கடைசி வரை, வெளிநாட்டுத் தூதர் குடும்பம் போன்ற சில விலக்குகளைத் தவிர, இந்த மண்ணில் பிறந்த எல்லாருக்கும் குடியுரிமை உண்டு. 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தேசியச் சட்டம் 1983 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அது முடிந்துபோனது. அதன்பின் இங்கே பிறக்கும் பிள்ளை தானாகக் குடிமகன் ஆக வேண்டுமென்றால், பிறக்கும் நேரத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது காலவரையற்றுத் தங்கும் அனுமதி, அதாவது எல்லாரும் சொல்லும் ஐ.எல்.ஆர்., வைத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் எந்த விண்ணப்பமும் தேவையில்லை. நேராகப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டுவிடலாம்.

ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு பாஸ்போர்ட்டோடு இங்கே வந்து குடியேறிய ஈழத்துக் குடும்பங்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தவர் இங்கே தங்குவதற்கான திட்டத்தில் 'செட்டில்ட்' நிலை ஐ.எல்.ஆருக்குச் சமம். 'ப்ரீ-செட்டில்ட்', அதாவது தற்காலிக அனுமதி, அப்படியல்ல. பெயர் பாதி ஒன்றாக இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

கணக்கு பிறந்த நாளோடு முடிகிறது. ஐ.எல்.ஆர். கிடைத்த மறுநாள் பிள்ளை பிறந்தால் அது பிரிட்டிஷ். பிள்ளை பிறந்த மறுநாள் ஐ.எல்.ஆர். கிடைத்தால் இல்லை. விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தோம் என்பதெல்லாம் கணக்கில் வராது. அகதிக் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். 2005க்கு முன்பு அகதியாக ஏற்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் உடனே நிரந்தர அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அது ஐந்தாண்டு அனுமதியாக மாறியது. அந்த ஐந்தாண்டு அனுமதியில் இருக்கும்போது பிறந்த பிள்ளைகள் தானாகக் குடிமக்கள் ஆகவில்லை.

பர்த் சர்டிபிகேட் கையில் இருக்கிறதே என்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தே ஆக வேண்டும், ஸ்காட்லாந்தில் 21 நாள். அந்தச் சான்றிதழ் பிள்ளை எங்கே, யாருக்குப் பிறந்தது என்று சொல்லுமே தவிர எந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்லாது. விசா எதுவும் எடுக்காமல் அந்தப் பிள்ளை இங்கே இருப்பதில் தவறில்லை. ஆனால் பாட்டியைப் பார்க்க ஊருக்குக் கூட்டிப் போனால், திரும்பி வர விசா வேண்டும். விமான டிக்கெட் எடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, தானாக வராத பிள்ளைக்கு வழி என்ன? அதே சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டுமே உரிமை. நிபந்தனைகள் பொருந்தினால் ஹோம் ஆபிஸ், அதாவது உள்துறை அமைச்சகம், பிள்ளையைக் குடிமகனாகப் பதிந்து கொடுத்தே ஆக வேண்டும்.

முதல் கதவு, பிரிவு 1(3). பிள்ளை இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறந்த பிறகு, பெற்றோரில் யாராவது ஒருவர் ஐ.எல்.ஆரோ குடியுரிமையோ பெற்றிருக்க வேண்டும். பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன் விண்ணப்பம் ஹோம் ஆபிஸுக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். விண்ணப்பத்தின் பெயர் எம்.என்.1. பிள்ளைக்கு விசா இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை.

நம் ஆட்கள் பணத்தை அதிகம் விடுவது இங்கேதான். அப்பா, அம்மா ஐ.எல்.ஆருக்குப் போடும்போதே, இங்கே பிறந்த பிள்ளையையும் சேர்த்து ஐ.எல்.ஆருக்குப் போட்டுவிடுகிறார்கள். தலைக்கு 2024 ஏப்ரலில் 2,885 பவுண்டாக இருந்த அந்தக் கட்டணம் 2025 ஏப்ரலில் 3,029 ஆனது. அப்புறம் அதே பிள்ளையைக் குடிமகனாகப் பதிய இன்னொரு கட்டணம். முதலில் பெற்றோரில் ஒருவர் மட்டும் ஐ.எல்.ஆர். வாங்கிவிட்டு, பிள்ளையை நேராக எம்.என்.1-இல் பதிந்திருந்தால் நடுவில் உள்ள அந்த மூவாயிரம் பவுண்டு மிச்சம். பிள்ளையின் விசா காலம் இடையில் முடிகிறதா, அவசரப் பயணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சிலர் வேறு முடிவெடுக்கலாம். ஆனால் விவரம் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும். இன்னொன்று, இது இங்கே பிறந்த பிள்ளைக்கு மட்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்து இரண்டு வயதில் வந்த மூத்த பிள்ளைக்கு இந்தக் கதவு கிடையாது. அவருக்குப் பிரிவு 3(1) இருக்கிறது. அது உரிமை அல்ல, அதிகாரிகளின் விருப்புரிமை. அங்கே பிள்ளைக்கும் ஐ.எல்.ஆர். இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டாவது கதவு, பிரிவு 1(4), விண்ணப்பத்தின் பெயர் 'டி' (T). இங்கே பிறந்து முதல் பத்து வருடமும் இங்கேயே வளர்ந்திருந்தால் போதும். பெற்றோருக்கு விசா இருந்ததா, காலாவதியானதா, ஒன்றுமே இல்லையா என்பது பொருட்டே இல்லை. அகதி மனு நிராகரிக்கப்பட்டு வருடக்கணக்கில் காகிதம் இல்லாமல் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. பத்து வயது நிறைந்த பிறகு எந்த வயதிலும் போடலாம்.

நிபந்தனை ஒன்று உண்டு. அந்தப் பத்து வருடத்தில் ஒவ்வொரு வருடமும் நாட்டுக்கு வெளியே இருந்தது 90 நாளைத் தாண்டக் கூடாது. வருடம் என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல, ஒரு பிறந்த நாளிலிருந்து அடுத்த பிறந்த நாள் வரை. ஆறு வாரக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருவதால் பிரச்சினை இல்லை. அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டுமென்று கைக்குழந்தையை நான்கு மாதம் அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தால் சிக்கல். அப்படி ஒரு வருடம் தாண்டியிருந்தாலும், காரணம் எழுதி விண்ணப்பித்தால் விட்டுக்கொடுக்கும் அதிகாரம் ஹோம் ஆபிஸுக்கு இருக்கிறது.

பத்து வருடத்தை நிரூபிப்பதுதான் பாடு. அதனால் இன்றே ஒரு பையில் போட்டு வையுங்கள்: தடுப்பூசி விவரம் எழுதிய சிவப்புப் புத்தகம், ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கடிதங்கள், நர்சரி, பள்ளிக் கடிதங்கள், பிள்ளையின் பழைய பாஸ்போர்ட்டுகள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள முத்திரைகள்தான் 90 நாள் கணக்குக்குச் சாட்சி. 2025 மே மாதம் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, அதாவது கொள்கை முன்மொழிவு, நிரந்தர அனுமதிக்கான பொதுவான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்து வருடமாக்க முன்மொழிந்தது. பெற்றோரின் காத்திருப்பு அவ்வளவு நீண்டால், பல வீடுகளில் பிள்ளை பெற்றோருக்கு முன்பே குடிமகன் ஆகிவிடும்.

அப்பா வழியாக உரிமை வருகிறது என்றால் திருமணத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கே கோயிலில் தாலி கட்டி, ரிஜிஸ்டர் செய்யாமல் விட்டிருந்தால் இந்நாட்டுச் சட்டத்தில் அது திருமணம் ஆகாது. 2006 ஜூலை 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அது தடையில்லை, அப்பா யார் என்பதற்குச் சான்று இருந்தால் போதும். ஆனால் சட்டப்படி மணமாகாதவர் என்றால், பிறப்பைப் பதியும்போது அப்பாவும் கூடப் போய்க் கையெழுத்திட்டுவிடுவது நல்லது. அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்கள் இந்தக் காரணத்தால் குடியுரிமையை இழந்திருந்தால், அவர்களுக்கென்று தனி விண்ணப்பமே உண்டு.

எம்.என்.1-க்கு முழு வடிவப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பெற்றோர் பெயர் இல்லாத சின்னச் சான்றிதழ் உதவாது. பெற்றோரின் ஐ.எல்.ஆர். அல்லது குடியுரிமைச் சான்று வேண்டும். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும்: ஒருவர் ஆசிரியர், ஹெல்த் விசிட்டர் (கைக்குழந்தைகளைக் கவனிக்கும் நர்ஸ்) போலப் பிள்ளையைத் தொழில்முறையில் அறிந்தவர், மற்றவர் வழக்கமாகப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர். பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் நன்னடத்தையும் பார்ப்பார்கள். பதினான்கு வயதில் போலீஸ் கொடுத்த எச்சரிக்கைகூட அங்கே வந்து நிற்கும். ஆறு வயதில் முடித்திருந்தால் இந்தக் கவலையே இல்லை.

இனி கட்டணம். பிள்ளையைப் பதிவதற்கான தொகை 2023 அக்டோபரில் 1,012-இலிருந்து 1,214 பவுண்டாக உயர்ந்தது. அனுப்பும் நாளில் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு வேலைக்கு அரசுக்கு ஆகும் செலவு 372 பவுண்டுதான் என்று வழக்கில் தெரியவந்தது. பிள்ளைகளின் குடியுரிமைப் பதிவுக்காக உழைக்கும் பி.ஆர்.சி.பி.சி. என்ற அமைப்பும் சில பிள்ளைகளும் நடத்திய அந்த வழக்கில், கட்டணத்தை நிர்ணயித்தபோது பிள்ளைகளின் நலனைச் சரியாகப் பார்க்கவில்லை என்று உயர் நீதிமன்றம் 2019இலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இலும் சொல்லின. இவ்வளவு வாங்க அரசுக்கு அதிகாரமே இல்லை என்ற வாதம் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆனாலும் பலன் கிடைத்தது: 2022 ஜூன் 16 முதல், கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கு உண்டு, கவுன்சில் (உள்ளாட்சி) பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. விலக்குக்கு முதலில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், வரவு செலவுக்குச் சான்று காட்ட வேண்டும். 18 வயதுக்கு மேல் 'டி' விண்ணப்பம் போடுபவருக்கு இந்த விலக்கு இல்லை. அதனால் பத்து வயது ஆனதுமே போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

முடிவு வரப் பொதுவாக ஆறு மாதம் வரை ஆகலாம். சான்றிதழ் வந்ததும் பாஸ்போர்ட்டுக்குப் போடலாம். பிள்ளையிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் அதைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும், இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை எடுத்துக்கொள்ளலாம். இலங்கை தருகிறது, ஆனால் அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.