ரிம்மின் நடுப்பள்ளமும் ஒரு மரச்சட்டமும்

மோட்டார் சைக்கிள் டயரைக் கழற்றுவது கைபலத்தின் வேலை என்று எண்ணிக்கொண்டு முதன்முறை வீட்டில் இரண்டு லீவர்களோடு உட்கார்ந்த நான், ஒரு மணி நேரத்தில் சம்பாதித்தது ரிம்மின் விளிம்பில் மூன்று கீறல்களைத்தான். டயரின் உள்ளோரத்தில், பீடிங் என்று சொல்லப்படும் தடித்த பகுதிக்குள், எஃகுக் கம்பி வளையம் ஒன்று ஓடுகிறது. ரப்பர் நீளும், அந்த வளையம் நீளாது.

17 அங்குல அலாய் ரிம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பீடிங் அமரும் இருக்கையைவிட ரிம்மின் விளிம்பு சுமார் 14 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. விட்டத்தில் கணக்கிட்டால் வளையத்தைவிட ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் பெரியது. நீளாத வளையம் தன்னைவிடப் பெரிய வட்டத்தைத் தாண்டி வெளியே வர வேண்டுமானால், ஒரு பக்கம் ஏறும்போது எதிர்ப்பக்கம் அதே அளவு இறங்கியாக வேண்டும். ரிம்மின் நடுவில் பள்ளம் இருப்பது அதற்காகத்தான். லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே பீடிங்கை முழங்காலால் அழுத்திப் பள்ளத்தில் இறக்கிவிட்டால், லீவர் பக்கம் வேண்டிய தளர்வு கிடைத்துவிடும். அது இறங்காத நிலையில் நெம்பினால் இழுவிசை முழுவதும் கம்பியின் மேல் விழுந்து, பீடிங் கிழியவும் ரிம் நெளியவும் கூடும்.

பள்ளத்துக்கு வருவதற்கு முன் பீடிங் தன் இருக்கையை விட்டு விலக வேண்டும். டியூப்லெஸ் ரிம்மில் இருக்கையை ஒட்டி உள்பக்கமாக ஒரு சிறு மேடு உண்டு. காற்றிறங்கினாலும் டயர் நழுவாமல் காப்பதும், நமக்கு இடைஞ்சலாக நிற்பதும் அதுவே. மிதித்தால் அசையாத இந்த இடத்தில்தான் மரச்சட்டம் வேலை செய்கிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள தடித்த சட்டத்தின் ஒரு நுனியைச் சுவரில் முழங்கால் உயரத்தில் கீல் வைத்துப் பொருத்தி, கீலிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறு மரக்காலைத் தொங்கவிட வேண்டும். மறுநுனியில் 30 கிலோ எடைக்குரிய விசையில் அழுத்தினால், மரக்கால் அதைப்போல் 6 மடங்கு, அதாவது 180 கிலோ எடைக்குரிய விசையை டயரின் மேல் செலுத்தும். பாக்குவெட்டியும் இதே வகை நெம்புகோல்தான். மரக்கால் ரிம்மைத் தொடாமல், அதை ஒட்டிய ரப்பரின் மேல் இறங்க வேண்டும். வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டே இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சக்கரத்தை வெறுந்தரையில் கிடத்தினால் பிரேக் டிஸ்க் வளைந்துவிடும் என்பதால், பழைய டயர் ஒன்றை அடியில் போட்டு அதன்மேல் வைப்பது நல்லது. புது டயரை அரைமணி நேரம் வெயிலில் வைத்தால் ரப்பர் இளகும். பீடிங்கில் சோப்புத் தண்ணீர் தடவினால் உராய்வு குறையும். மாட்டும்போதும் அதே பள்ளத்தின் கணக்குதான். லீவரை ஒவ்வொரு முறையும் நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்தாமல் சென்றால், கடைசி ஒரு சாண் இறுக்கமும் எதிர்ப்பக்கப் பீடிங்கைப் பார்த்துக்கொண்டால் தானே விட்டுக்கொடுக்கும்.

காற்றடிக்கும்போது பீடிங் மேட்டைத் தாண்டி இருக்கையில் அமரும் ஓசை பட்டென்று கேட்கும். அது கேட்கவில்லை என்பதற்காக டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அழுத்த அளவை மீறக் கூடாது. காற்றை இறக்கி, மீண்டும் சோப்புத் தண்ணீர் தடவித்தான் முயல வேண்டும். விளிம்பை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால் பீடிங் சரியாக அமர்ந்துவிட்டது என்று பொருள்.