பூட்டு இல்லாத மடக்குக் கத்தி: ஸ்பிரிங்கைப் பார்த்து வாங்குங்கள்

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் பார்ப்பது அலகைத்தான். பளபளப்பாக இருக்கிறதா, கூராக இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். கூர் போனால் சாணை பிடித்துக்கொள்ளலாம். ஆனால் விரித்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு இல்லாத பழைய பாணிக் கத்தியில் முதுகுப் பக்கம் ஒரு எஃகுப் பட்டை இருக்கிறது பாருங்கள், அது சரியில்லை என்றால் எந்தச் சாணைக்காரரும் ஒன்றும் செய்ய முடியாது. கத்தியை விரித்த நிலையில் நிறுத்துவதும், மூடியபடி சட்டைப் பையில் சும்மா கிடக்க வைப்பதும் அந்தப் பட்டைதான்.

அது ஒரு ஸ்பிரிங். பின்முனையிலும் நடுவிலும் ரிவெட் அடித்துப் பிடித்திருப்பார்கள். முன்முனை மட்டும் கொஞ்சம் மேலே எழும்ப முடியும். அலகின் அடிப்பகுதி ஒரு ஆணியில் சுழல்கிறது. அந்த அடிப்பகுதி வட்டமாக இல்லாமல் தட்டையான பக்கங்களோடு இருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 6 மி.மீ. பக்கமுள்ள சதுரம் என்று வைத்துக்கொள்வோம். ஆணியின் மையத்திலிருந்து தட்டைப் பக்கம் 3 மி.மீ. தள்ளி இருக்கும், மூலையோ சுமார் 4.2 மி.மீ. தள்ளி இருக்கும். அலகைத் திருப்பும்போது மூலை வந்து ஸ்பிரிங்கை 1.2 மி.மீ. தூக்குகிறது. மூலை உச்சிக்கு வரும்வரை ஸ்பிரிங் எதிர்க்கும். உச்சியைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் அலகை முன்னே தள்ளிவிடும். 'சடக்' என்று கேட்பது தட்டைப் பக்கத்தில் ஸ்பிரிங் வந்து விழும் சத்தம். நீங்கள் நகத்தால் கொடுத்த ஆற்றலை வளைந்த எஃகு வாங்கிவைத்துத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கத்திகளில் ஒன்று லேசாகத் திறக்கிறது, இன்னொன்று நகத்தைப் பெயர்க்கிறது. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் அதே அளவு வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும். வெறும் பத்து சதவீதம் தடித்தால்கூட விசை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். தேய்ப்பதில் ஒரு பொடி வித்தியாசம் வந்தாலும் கைக்குத் தெரிகிறது. இதனால்தான் மலிவான கத்திகளில் ஒரே பெட்டியில் ஒன்று கல்லாகவும் ஒன்று தொளதொளவென்றும் வருகிறது. பெட்டியில் இருப்பதையெல்லாம் திறந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பூட்டு இல்லையென்றால் வெட்டும்போது மடங்கி விரலில் விழாதா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. விசை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் பயம் பாதி குறையும். கயிற்றின் மேல் கூர்ப் பக்கத்தை வைத்து அழுத்துகிறீர்கள். கயிறு அலகை முதுகுப் பக்கமாகத் திருப்பித் தள்ளுகிறது. அது கத்தி இன்னும் அதிகமாகத் திறக்கும் திசை. ஆனால் அதற்கு மேல் திறக்க வழியில்லாமல் அலகின் அடி ஸ்பிரிங் முனையில் முட்டி நிற்கிறது. ஆக, எவ்வளவு அழுத்தி வெட்டினாலும் அலகு அந்த முட்டிலேயே இன்னும் இறுக்கமாக உட்காரும்.

ஆபத்து வேறு இடத்தில். நுனியால் குத்தித் துளை போடுவது, காயில் சிக்கிய அலகை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவது, முதுகில் தட்டுவது. இவற்றில் விசை மூடும் திசையில் திரும்பிவிடலாம். அப்போது தடுப்பது ஸ்பிரிங் மட்டுமே. அதுவும் நெம்புகோல் கணக்குப்படி, ஆணியிலிருந்து 6 செ.மீ. தள்ளி நுனியில் விழும் விசைக்கு, 2 செ.மீ. தள்ளி விழும் அதே விசையைவிட மூன்று மடங்கு திருப்புத்திறன். எனவே கெட்டியானதைக் கைப்பிடியை ஒட்டிய பாகத்தில் வைத்து வெட்ட வேண்டும். இளநீர் சீவுவதெல்லாம் இந்தக் கத்தியின் வேலையே இல்லை, அதற்கு அரிவாள் இருக்கிறது. பண்ருட்டிப் பலாவைப் பிளப்பதும் அப்படித்தான். பிளந்த பிறகு சுளை எடுக்க வேண்டுமானால் இது போதும்.

சில கத்திகளில் அலகு பாதி மூடி, செங்குத்தாக ஒருமுறை நிற்கும். சதுர அடி இருந்தால் இந்த நடு நிறுத்தம் கிடைக்கும். அங்கே நின்றதும் விரலை நகர்த்திக்கொண்டு மீதியை மூடலாம். அடியை உருட்டிச் செய்தால் அசைவு வழுவழுப்பாக இருக்கும், ஆனால் நடுவில் நிற்காது. புதிதாகப் பழகுகிறவருக்கு நான் நடு நிறுத்தம் உள்ளதைத்தான் சொல்வேன்.

கடையில் இன்னும் இரண்டு விஷயம். விரித்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. அப்புறம், ஸ்பிரிங்கின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்துக் கத்தியைச் சாதாரணமாக மூடுங்கள். காகிதம் வெட்டுப்பட்டால், மூடும் ஒவ்வொரு முறையும் கூர்ப் பக்கம் எஃகில் மோதுகிறது என்று அர்த்தம். நல்ல கத்தியில் அலகின் அடியில் சிறு முனைப்பு ஒன்று முதலில் முட்டிக் கூரைக் காப்பாற்றும்.

இனி நம்ம ஊர்ப் பிரச்சினை, உப்பு. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலூரிலும் புதுச்சேரியிலும் இரவில் ஈரப்பதம் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்த கத்தியைத் துடைத்து அலமாரியில் வைத்தாலும், மடிப்புக்குள் ஒட்டிய உப்பு ராத்திரி ஈரமாகிறது, பகலில் காய்கிறது, மறுபடி ஈரமாகிறது. வேர்வை உப்பும் இதே வேலையைச் செய்யும். துடைப்பதால் பலனில்லை, நல்ல தண்ணீரில் கழுவி, விரித்து உலர்த்த வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கும். கார்பன் அதிகமானால் இன்னொரு சிக்கல்: குரோமியத்தில் ஒரு பங்கை அது தன்னோடு சேர்த்துக் கார்பைடு என்ற சேர்மமாக இழுத்துக்கொள்ளும், படலத்துக்கு மிச்சம் குறையும். அதனால் கடலோரத்தில் கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கார்பன் 0.5 சதவீதத்தை ஒட்டியும் குரோமியம் 13 முதல் 15 சதவீதம் வரையும் உள்ள எஃகை எடுப்பது நல்லது. சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணச் சாணைக்கல்லில் சுலபமாகக் கூர் ஏறும். சுவிஸ் ராணுவக் கத்திகள் இந்த வகைதான். அவற்றில் 84, 91 மி.மீ. அளவுகளுக்குப் பூட்டும் கிடையாது.

குரோமியம் இல்லாத கார்பன் எஃகுக்குத் தனி ரசிகர்கள் உண்டு. வாழைப்பூ அரிந்தால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து அலகைக் கருநீலமாக்கும். அழகுதான். ஆனால் அந்தக் கருமை உப்புக் காற்றைத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கைப்பிடிக்குள் இருக்கும் உள்தகடு பித்தளையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உப்பு ஈரத்தில் பித்தளையும் எஃகும் சேர்ந்து ஒரு மின்கலமாகி, எஃகு அரிக்கப்படும். துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத ஆணியைச் சுற்றி.

அந்த ஆணிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அது கைக்குக் கிடைக்கவில்லை என்றால் தேங்காய் எண்ணெய். நல்லெண்ணெயில் நிறைவுறா கொழுப்பு அதிகம். காற்றுப் பட்டு நாளடைவில் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் அப்படி ஆவதில்லை. மார்கழிக் காலையில் உறைந்து கத்தி கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம், வெயில் வந்தால் சரியாகிவிடும்.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரெஞ்சுக் கத்திகள் மேல் ஒரு கண் இருக்கும். லாயோல் கத்தியில் ஸ்பிரிங் முனையிலுள்ள சிறு புடைப்பு அலகின் பள்ளத்தில் உட்காருவதால் பிடி கெட்டி, என்றாலும் முழுப் பூட்டு இல்லை. ஒப்பினெல் என்ற இன்னொரு பிரெஞ்சுக் கத்தியில் 6-ம் எண் அளவும் அதற்கு மேலும் 1955-ல் வந்த திருகு வளையப் பூட்டோடு வருகின்றன. 2 முதல் 5 வரையிலான சின்னவற்றில் பூட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. மரக் கைப்பிடியின் உராய்வு மட்டுமே. ஐப்பசி மழையில் மரம் ஊதினால் அலகு வெளியே வராது. கைப்பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம். கடலோரத்தில் எனக்கு இது சரிப்படவில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வீட்டு, விவசாய வேலைக்கானவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகளின் பட்டியலில் வரும். 6, 7 செ.மீ. கத்தி அதன் அருகில்கூட வராது. ஆனால் புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமானம் ஏறுவதானால் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையிலேயே எடுத்துக்கொள்வார்கள்.