செவிப்பறைக்குப் பின்னால் ஓர் எலும்புக் கட்டி

காது மந்தம் என்று வருபவர்களிற் பலருக்குக் காரணம் காதுக்குறும்பியாகவோ, நடுக்காதில் தேங்கிய நீராகவோ, செவிப்பறையில் விழுந்த துவாரமாகவோ இருக்கும், பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். எனக்குக் கவலை தருபவர்கள் செவிப்பறை தெளிவாக இருந்தும் கேட்காதவர்கள். "காதில ஒரு பிழையும் இல்லை" என்ற சொல்லை நம்பி, காய்ச்சிய எண்ணெயை விட்டுக்கொண்டு அவர்கள் வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் மாணவன் ஒருவன், ரியூசன் கொட்டிலில் எப்போதும் இடப்பக்க வாங்கின் ஓரத்திலேயே இருந்து, வலது காதால் மட்டும் பாடம் கேட்டுவந்தான். 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி இடது காதின் முன் பிடித்தபோது மங்கலாகக் கேட்ட ஒலி, அதன் அடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்ததும் உரத்துக் கேட்டது. உட்காதும் நரம்பும் வேலை செய்கின்றன, ஒலி நடுக்காதில் தடைப்படுகிறது என்பதே இதன் பொருள். செவிப்புலன் பரிசோதனையும் அதையே காட்டியது.

இத்தகைய நிலையில் முதலில் நினைவுக்கு வருவது, நடுக்காதிலுள்ள அங்கவடி என்ற சிறு எலும்பு இறுகிப்போகும் நோய்தான். ஆனால் காதுப் பகுதியை மெல்லிய வெட்டுகளாகக் காட்டும் சி.ரி. ஸ்கானில், நடுக்காதின் உட்சுவரிலிருந்து சிறிய எலும்புக் கட்டி ஒன்று எழுந்து அங்கவடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சம்மட்டி, பட்டடை, அங்கவடி ஆகிய நடுக்காதுச் சிற்றெலும்புகள் மூன்றும் தடையின்றி அசைந்தால்தான் அதிர்வு உட்காதைச் சேரும். ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் உயரமேயுள்ள அங்கவடியை முடக்க மிகச் சிறிய கட்டியே போதும்.

"கான்சரோ டொக்டர்?" என்றுதான் தாயார் முதலிற் கேட்டார். இது புற்றுநோய் அன்று. உடலின் வேறிடங்களுக்குப் பரவாது. மிக மெதுவாகவே வளரும். நடுக்காதில் இது மிக அரிது என்பதால், அதைத் தேடும் எண்ணமே எழாமற் போகக்கூடும்.

எல்லாக் கட்டியையும் அகற்ற வேண்டியதில்லை. கேள்திறன் குறையாதவர்களுக்கு அவ்வப்போது பரிசோதித்து வந்தாற் போதும். குறைந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை பயன் தரலாம். எனினும் முகநரம்பு அருகிலேயே செல்வதாலும், சிகிச்சையின்போது அங்கவடியை அளவுமீறி அசைத்தால் உட்காது பாதிக்கப்படலாம் என்பதாலும், அந்த ஆபத்தை ஒளிக்காமற் சொல்லியே சம்மதம் கேட்க வேண்டும். உட்காது நலமாயிருப்பதால் செவிப்புலன் கருவியும் நன்கு உதவும். அந்த மாணவன் பரீட்சை முடியும்வரை கருவியைப் பாவிப்பது, அதன் பின்னர் மீண்டும் ஸ்கான் செய்து பார்த்துச் சத்திரசிகிச்சை பற்றித் தீர்மானிப்பது என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுத்தோம்.